பள்ளியில் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிடவும் நிறைய ஓடியாடவும்: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

சுவரில் காய்கறி, பழம், பருப்பு, பால் எல்லாம் வரைந்த பெரிய சார்ட். அதற்குப் பத்தடி தள்ளி கேன்டீன் ஜன்னல், அங்கே பிள்ளைகளின் கண்மட்டத்தில் குளிர்பானமும் சிப்ஸ் பாக்கெட்டும். பள்ளிகளில் ஆரோக்கிய உணவு என்ற பேச்சு வந்தாலே எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வருடம் முழுக்க போஸ்டர், பேச்சுப் போட்டி, உறுதிமொழி என்று நடத்தினோம். பிள்ளைகள் உறுதிமொழியைத் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள், பரிசு வாங்கினார்கள், மணி அடித்ததும் நேராக அந்த ஜன்னலுக்குப் போனார்கள். பிள்ளைகள் மேல் இதில் ஒரு தப்பும் கிடையாது. பசிக்கிற நேரத்தில் கைக்கு எட்டுவதைச் சாப்பிடுகிறார்கள், இடமும் நேரமும் கிடைத்தால் ஓடுகிறார்கள், கிடைக்காவிட்டால் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுப்பது என்பது இந்த வழிகாட்டியில் ரொம்பக் கீழேதான் வரும். அதற்கு முன்னால் பெரியவர்கள் மாற்ற வேண்டியவை நிறைய இருக்கின்றன: தண்ணீர்க் குழாய், கேன்டீன் அலமாரி, சாப்பாட்டு மணி, விளையாட்டு பீரியட்.

தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் என்று யாராக இருந்தாலும் இதை எடுத்துச் செய்யலாம். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய நினைக்காதீர்கள், முடியாது.

எவ்வளவு தேவை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் இயக்கம் வேண்டும். மெதுவாக நடப்பது இதில் சேராது. மூச்சு வேகமாக வாங்கி, இதயம் படபடவென்று அடிக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். வாரத்தில் 3 நாளாவது குதிப்பது, ஏறுவது, தொங்குவது போல எலும்புக்கும் தசைக்கும் வேலை கொடுக்கிறவையும் சேர வேண்டும். ஆனால் நிலைமை என்ன தெரியுமா? 2016 வரைக்குமான கணக்கை வைத்துப் பார்த்ததில், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் உலக அளவில் 81 சதவீதம் பேர் இந்த அளவை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85, ஆண் பிள்ளைகளில் 78.

சாப்பாட்டில் இரண்டு எண்களை மனதில் வைத்தால் போதும். பழமும் காய்கறியும் சேர்த்து 6 முதல் 9 வயதுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 350 கிராம், 10 வயதிலிருந்து 400 கிராம். சேர்க்கப்பட்ட சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 1600 கலோரி தேவைப்படுகிற பிள்ளைக்கு அந்த 10 சதவீதம் என்பது 40 கிராம் சர்க்கரை. 330 மில்லி கோலா ஒன்றிலேயே சுமார் 35 கிராம், அதாவது ஏறக்குறைய 9 டீஸ்பூன் இருக்கிறது. மதியம் ஒரு கேன் குடித்தால் அன்றைய கணக்கு கிட்டத்தட்ட அங்கேயே தீர்ந்துவிடும்.

60 நிமிடத்தையும் பள்ளியே கொடுக்க வேண்டும் என்றில்லை. பாதியைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள், 30 நிமிடம். இதுதான் என் இலக்கு, கீழே வருகிற கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிடத்தான் எல்லோருக்கும் அவசரம். தாண்டாதீர்கள். கையில் ஒரு நோட்டும் வாட்சும் வைத்துக்கொண்டு ஐந்து நாள் பள்ளியைச் சுற்றுங்கள். சாப்பாட்டு மணி அடித்ததிலிருந்து கடைசிப் பிள்ளை உட்கார்ந்து முதல் வாய் வைக்கிற வரை எத்தனை நிமிடம் போகிறது? கேன்டீனில் எந்தப் பொருள் முதலில் தீர்கிறது? தண்ணீர்க் குழாய் எத்தனை இருக்கிறது, அதில் எத்தனை வேலை செய்கிறது, வெயில் நேரத்தில் தண்ணீர் கொதிக்கிறதா? டைம்டேபிளில் இருக்கிற விளையாட்டு பீரியட்களில் அந்த வாரம் உண்மையிலேயே நடந்தவை எத்தனை? நடந்த பீரியடில் ஒரு பிள்ளையை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எத்தனை நிமிடம் ஓடியது, எத்தனை நிமிடம் வரிசையில் நின்றது என்று எழுதுங்கள். முதல் தடவை இதைச் செய்தபோது நான் அதிர்ந்துபோனேன். நாற்பது நிமிட பீரியடில் நான் பார்த்த சிறுமி ஓடியது ஆறு நிமிடம். மீதி நேரம் வருகைப் பதிவு, வரிசை, தன் முறைக்காகக் காத்திருப்பது.

அப்புறம் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். சாப்பாடும் விளையாட்டும் பற்றிய வழிகாட்டியில் கழிப்பறை எதற்கு என்று தோன்றும். கழிப்பறை மோசமாக இருந்தால் பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். தாகத்தோடும் தலைவலியோடும் உட்கார்ந்திருக்கிற பிள்ளை ஓடாது. நீங்கள் எத்தனை தண்ணீர்த் தொட்டி வைத்தாலும், தாழ்ப்பாளும் சோப்பும் தண்ணீரும் இல்லாத கழிப்பறை அதை வீணாக்கிவிடும்.

கடைசியாகக் குப்பைத் தொட்டி. மதியம் எது மிஞ்சி வீணாகிறது என்று அது உள்ளபடியே காட்டும்.

2. பத்துப் பதினொரு பேரைச் சேருங்கள்

பெரிய குழு வேண்டாம். தலைமையாசிரியர் அல்லது அவர் பேச்சுக்குச் சமமாகப் பேசக்கூடிய ஒருவர், டைம்டேபிள் போடுகிறவர், உடற்கல்வி ஆசிரியர், கேன்டீன் நடத்துகிறவர் அல்லது சமையல் பொறுப்பாளர், இரண்டு பெற்றோர், மாணவர்கள் நான்கு பேர். கேன்டீன் நடத்துகிறவரை விட்டுவிட்டு முடிவெடுத்தால் அந்த முடிவு அலமாரிக்கு வந்து சேரவே சேராது, அவருக்கு அது பிழைப்பு. மாணவர்களில் படிப்பிலும் விளையாட்டிலும் முதலில் இருக்கிறவர்களை மட்டும் எடுக்காதீர்கள். மைதானத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே இருக்கிற பிள்ளை ஒன்றாவது இந்தக் குழுவில் இருக்க வேண்டும், ஏன் நிற்கிறோம் என்று அதற்குத்தான் தெரியும். வளாகத்தைச் சுத்தம் செய்கிற பணியாளரையும் கூப்பிடுங்கள். யார் எங்கே எதைக் கொட்டுகிறார்கள், எந்தக் குழாய் எப்போது அடைக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி.

முதல் கூட்டத்தில் அந்த ஒரு வார நோட்டைப் படித்துக் காட்டுங்கள், போதும். அன்றைக்கே தீர்வு பேச வேண்டாம்.

3. தண்ணீரில் தொடங்குங்கள்

ஏன் தண்ணீர் என்றால், இதை யாரும் எதிர்க்க மாட்டார்கள், செலவு குறைவு, பலன் சீக்கிரம் தெரியும். ஜெர்மனியில் டார்ட்மண்ட், எசன் நகரங்களின் 32 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2009-இல் வெளியானது. சில பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீர் பற்றி நான்கு பாடம் நடத்தினார்கள், மற்றவற்றை அப்படியே விட்டார்கள். ஒரு கல்வியாண்டு முடிவில், தண்ணீர் வைத்த பள்ளிகளில் பிள்ளைகள் அதிக எடைக்குப் போகும் அபாயம் 31 சதவீதம் குறைவாக இருந்தது. யாரையும் பட்டினி போடவில்லை, எதையும் தடை செய்யவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். குடிநீர் மைதானத்துக்குப் பக்கத்திலும் சாப்பிடும் இடத்திலும் இருக்க வேண்டும், மூன்றாவது மாடிப் பிள்ளை தரைத்தளத்துக்கு ஓடிவர வேண்டிய நிலை இருக்கக் கூடாது. தொட்டி கழுவிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள், பெற்றோருக்கு நம்பிக்கை வரும். தண்ணீர் பாட்டிலை மேசை மேல் வைத்துக்கொண்டு பாடம் நடக்கும்போதே குடிக்கலாம் என்று எல்லா ஆசிரியர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். சிலர் இதைக் கட்டுப்பாடு கெடுகிறது என்று நினைக்கிறார்கள், இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதுமை போனதும் பிள்ளைகள் பாட்டிலோடு விளையாடுவதை நிறுத்திவிடுவார்கள்.

4. கேன்டீன் அலமாரி

இங்கேதான் சண்டை வரும். திடீரென்று நாளையிலிருந்து இது எதுவும் கிடையாது என்று அறிவித்தால் ஒரு வாரம் சாதித்தது போல இருக்கும், பிறகு பைக்குள் ஒளித்துக் கொண்டுவருவதும் வகுப்பிலேயே விற்பதும் தொடங்கும். நான் சொல்வது மெதுவான வழி. விற்கிற எல்லாப் பொருளையும் ஒரு மேசையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் விற்கலாம், எப்போதாவது விற்கலாம், பள்ளிக்குள் வேண்டாம். மூன்றாவது குவியலில் முதல் நாளே சந்தேகமில்லாமல் போக வேண்டியவை சர்க்கரை போட்ட குளிர்பானமும் எனர்ஜி டிரிங்க்கும். எனர்ஜி டிரிங்க்கில் காஃபீன் இருக்கிறது, வளர்கிற பிள்ளைக்கு அது எதற்கு?

பிரிக்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். பொருள்களின் பட்டியலில் எடை அதிகமாக உள்ளதுதான் முதலில் வரும். முதல் மூன்றில் சர்க்கரை இருந்தால் முன்னால் 'முழுதானியம்' என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அது இனிப்புப் பண்டம்தான். சர்க்கரைக்கு வேறு பெயர்களும் உண்டு: குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ், இன்வெர்ட் சிரப் என்று எழுதியிருப்பதையும் அந்தக் கணக்கிலேயே சேருங்கள். இரண்டு பொருளை ஒப்பிட 100 கிராமுக்கு எவ்வளவு என்ற கட்டத்தை மட்டும் பாருங்கள். 'ஒரு பரிமாறலுக்கு' என்ற கட்டம் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவில் இருக்கும், குழப்பிவிடும். பாக்கெட் பழச்சாறும் இங்கே மாட்டும். பழம் என்றாலும் சாறாகப் பிழிந்துவிட்டால் நார்ச்சத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது, சர்க்கரை மட்டும் அப்படியே இருக்கிறது. முழுப் பழத்தை வெட்டிக் கொடுப்பது நல்லது. சின்னப் பிள்ளைகள் முழுப் பழத்தைக் கடிக்கச் சிரமப்பட்டு பாதியில் எறிவார்கள், துண்டாக இருந்தால் சாப்பிட்டுவிடுவார்கள்.

அடுத்து, எது எங்கே இருக்கிறது என்பது. கண்மட்டத்திலும் காசு கொடுக்கிற இடத்திலும் பழம், சுண்டல் வகை, பால், மோர் போன்றவை. எப்போதாவது விற்கிறவை பின்னால், கேட்டால் மட்டும். நல்லதன் விலை மற்றதைவிடக் குறைவாக இருக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் நீங்கள் எவ்வளவு பேசினாலும் பிள்ளை கையிலிருக்கிற காசைப் பார்த்துத்தான் வாங்கும். கேன்டீன்காரரின் வருமானம் குறையும் என்ற கவலை நியாயமானது, அதை மறைக்காமல் பேசுங்கள். வாடகையைக் குறைப்பது, ஆசிரியர்களும் அங்கேயே வாங்குவது, பள்ளி விழாக்களின் சாப்பாட்டு ஆர்டரை அவருக்கே கொடுப்பது என்று ஈடு செய்ய வழி இருக்கிறது. அடுத்த ஒப்பந்தம் போடும்போது மூன்று குவியலையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

விளம்பரத்தையும் மறக்காதீர்கள். குளிர்பானப் பெயர் போட்ட ஃப்ரிட்ஜ், ஸ்நாக்ஸ் கம்பெனி பெயர் போட்ட ஸ்கோர் போர்டு, அவர்கள் இலவசமாகத் தருகிற டி-ஷர்ட். பிள்ளைகள் கூடுகிற இடங்களில் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பொருள்களின் விளம்பரம் எந்த வடிவிலும் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2010-லேயே பரிந்துரைத்திருக்கிறது. இலவசமாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. கொடுத்துவிடுங்கள்.

ஆசிரியர்கள் கையிலும் ஒரு பழக்கம் இருக்கிறது: சரியாகப் பதில் சொன்னால் ஒரு சாக்லேட். இதனால் இனிப்புதான் உயர்ந்தது, சாப்பாடு கடமை என்று பிள்ளை மனதில் பதிகிறது. கூடுதலாகப் பத்து நிமிடம் விளையாட விடுவதைப் பரிசாகக் கொடுத்துப் பாருங்கள், சாக்லேட்டைவிடப் பெரிய ஆரவாரம் வரும்.

5. சாப்பிட நேரம் கொடுங்கள்

தட்டோடு உட்கார்ந்த பிறகு குறைந்தது 20 நிமிடம் வேண்டும். வரிசையில் நிற்பது, கை கழுவுவது, நடந்து போவது எல்லாம் இதில் சேராது. அமெரிக்கப் பள்ளிகளில் பார்த்த ஓர் ஆய்வில், 20 நிமிடத்துக்குக் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் காய்கறியை 12 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். அவசரமாகச் சாப்பிடும்போது முதலில் மிஞ்சுவது காய்தான், மெல்ல நேரம் எடுக்கிற பண்டம் அது. உங்கள் நோட்டில் இந்த எண் 20-க்குக் கீழே இருந்தால், இரண்டு வரிசை வைப்பது, வகுப்புகளை ஐந்து நிமிட இடைவெளியில் விடுவது, கை கழுவக் கூடுதல் குழாய் போடுவது இவற்றில் ஏதாவது ஒன்று அதைச் சரியாக்கும்.

செலவே இல்லாத இன்னொரு மாற்றம்: முதலில் விளையாட்டு, பிறகு சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பிறகுதான் விளையாட்டு என்று இருந்தால் பிள்ளைகள் பாதியை அப்படியே வைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறார்கள். மாற்றிப் போட்ட அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் பழம், காய்கறி சாப்பிடுவது 54 சதவீதம் கூடியது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. விளையாடிவிட்டு வருவதால் கை கழுவுகிற ஏற்பாடு மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வருகிற சின்னப் பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்குக் காலை இடைவேளையிலேயே ஏதாவது கொடுத்துவிட வேண்டும். வெறும் வயிற்றில் மதியம் ஓட விடாதீர்கள்.

புதுக் காய் ஒன்றை முதல் தடவை வைத்ததும் பிள்ளைகள் முகம் சுளித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு புதுச் சுவை பழக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். சின்ன அளவில், வற்புறுத்தாமல், பிள்ளைகளுக்குப் பழக்கமான ஒன்றோடு சேர்த்து மறுபடி மறுபடி வையுங்கள். ஆசிரியர்களும் கூட உட்கார்ந்து அதையே சாப்பிட வேண்டும். 'தட்டைக் காலி செய்தால்தான் எழுந்திருக்கலாம்' என்பது மட்டும் வேண்டாம், வயிறு நிறைந்தது என்று உடம்பு சொல்வதைக் கேட்காதே என்று நாமே பழக்கிவிடுகிறோம்.

வீட்டிலிருந்து வருகிற டிபன் பாக்ஸ் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் பாக்ஸைத் திறந்து பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று சொல்வதும், பிடுங்கி வைப்பதும் கூடவே கூடாது. அந்தப் பாக்ஸுக்குப் பின்னால் இரவு வேலை முடிந்து வந்த அம்மாவோ, காய் வாங்கக் காசில்லாத வீடோ இருக்கலாம். கூச்சப்பட்ட பிள்ளை அடுத்த நாள் ஒன்றும் கொண்டுவராது, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்லும். பெற்றோரிடம் தனியாக, உதவியாகப் பேசுங்கள். வேர்க்கடலை, பால், முட்டை போன்றவற்றில் யாருக்கு அலர்ஜி என்ற பட்டியல் ஒவ்வொரு வகுப்பிலும் கேன்டீனிலும் இருக்கட்டும்.

6. விளையாட்டு பீரியடைக் காப்பாற்றுங்கள்

இந்த முழு வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பாடம் முடியவில்லை, தேர்வு வருகிறது, கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொள்கிற பீரியட் திரும்பி வருவதே இல்லை. தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு விதி போடுங்கள்: விளையாட்டு பீரியடை எடுத்தால் அதே வாரத்தில் உங்கள் பாட பீரியடிலிருந்து திருப்பித் தர வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். எங்கள் பள்ளியில் சத்தம் போட்டதைவிட அந்தப் பதிவேடு நன்றாக வேலை செய்தது, மாதக் கடைசியில் அதைப் படித்ததும் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

'படிப்பு கெடும்' என்பார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010-இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடல் இயக்கத்துக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்புகளில் பாதி நல்ல விதமாக இருந்தன, மீதியில் ஏறக்குறைய எல்லாமே எந்த வித்தியாசமும் காட்டவில்லை. கெடுத்தது என்று வந்தவை 1.5 சதவீதம். கண்ணுக்கும் நல்லது: சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாளில் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் இருக்க வைத்தபோது, மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம். பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பீரியட் கிடைத்துவிட்டது, சரி. அதற்குள் என்ன நடக்கிறது? பீரியடில் பாதி நேரமாவது ஒவ்வொரு பிள்ளையும் மூச்சு வாங்க அசைய வேண்டும் என்பதுதான் அளவுகோல். ஐம்பது பிள்ளைக்கு ஒரே பந்து என்றால் அது நடக்காது. ஒரு பெரிய ஆட்டத்தை ஐந்து சின்ன ஆட்டமாக உடையுங்கள், ஒரு பக்கத்துக்கு நாலைந்து பேர். வருகைப் பதிவை ஓடத் தொடங்கிய பிறகு எடுங்கள். அவுட் ஆனால் வெளியே உட்கார வேண்டும் என்ற ஆட்டங்களை மாற்றுங்கள், ஏனென்றால் முதலில் வெளியேறுவது பயிற்சி அதிகம் தேவைப்படுகிற பிள்ளைதான். அவுட் ஆனவர் ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்று வைத்தால் ஆட்டமும் நடக்கும், யாரும் உட்காரவும் மாட்டார்கள். இரண்டு தலைவர்கள் ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து அணி பிரிப்பதையும் நிறுத்துங்கள், கடைசியில் மிஞ்சி நிற்கிற பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும்.

தண்டனை விஷயம். வீட்டுப்பாடம் செய்யாததற்கு இடைவேளையை நிறுத்துவதும், பேசியதற்கு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். இடைவேளையைத் தண்டனைக்காகப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளிப்படையாகவே சொன்னது. ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், வளர்ந்த பிறகும் ஓட்டம் என்றால் அந்த நினைவுதான் வரும்.

7. மீதி நிமிடங்களைத் தேடிப் பிடியுங்கள்

வாரத்துக்கு இரண்டு விளையாட்டு பீரியட் மட்டும் வைத்து 30 நிமிடக் கணக்கு தேறாது. ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை எலைன் வில்லி 2012-இல் ஒரு காரியம் செய்தார். தினமும் 15 நிமிடம் வகுப்பு முழுவதும் வெளியே போய் நடக்கலாம் அல்லது ஓடலாம். விளையாட்டு உடை கிடையாது, போட்டி கிடையாது, முதலிடம் கிடையாது, போட்டிருக்கிற உடையோடும் ஷூவோடும் அப்படியே போக வேண்டியதுதான். 'டெய்லி மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நான் பார்த்தவற்றில் மிகச் சுலபமாகத் தொடங்கக்கூடியது இதுதான், ஒரு பாதை மட்டும் இருந்தால் போதும், மைதானம் இல்லாத பள்ளியிலும் கட்டடத்தைச் சுற்றிச் செய்யலாம். எந்த நேரம் என்பதை வகுப்பாசிரியரே முடிவு செய்யட்டும், பிள்ளைகள் சோர்ந்து போகிற பீரியடின் நடுவில் போய்விட்டு வந்தால் பாடமும் மறுபடி ஏறும்.

இடைவேளைக்கு ஒரு பெட்டி வையுங்கள்: பந்து, ஸ்கிப்பிங் கயிறு, வளையம், பறக்கும் தட்டு. பெட்டிக்கு வாரம் ஒரு வகுப்பு பொறுப்பு. தரையில் பெயிண்டால் கட்டங்கள், பாதைகள், எண்கள் வரைந்தால் சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே குதிப்பார்கள். ஒரே ஒரு பந்தாட்டம் மைதானம் முழுவதையும் பிடித்துக்கொள்வது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது, அதனால் இடத்தைக் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள், பந்தாட்டத்துக்கு இவ்வளவு, மற்றவர்களுக்கு இவ்வளவு என்று. வகுப்புக்குள் மூன்று நிமிடம் எழுந்து நின்று கைகால் ஆட்டுவது, வாய்ப்பாட்டைக் குதித்துக்கொண்டே சொல்வது இவையெல்லாம் சின்ன வகுப்புகளில் நன்றாக எடுபடும். மேல் வகுப்புகளில் கூச்சப்படுவார்கள், அங்கே வற்புறுத்த வேண்டாம்.

8. ஓரமாக நிற்கிறவர்கள்

பத்து, பதினொரு வயதில் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு விலகத் தொடங்குவதைக் கவனித்திருப்பீர்கள். சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். மாதவிடாய் நாளில் மாற்றிக்கொள்ள இடமில்லை, சீருடை ஓடுவதற்கு ஏற்றதாக இல்லை, யாராவது பார்த்துச் சிரிக்கிறார்கள், மைதானம் முழுக்கப் பையன்கள் கையில். இவை ஒவ்வொன்றுக்கும் பள்ளியால் செய்யக்கூடியது இருக்கிறது: நாப்கினும் மூடியுள்ள குப்பைத் தொட்டியும் உள்ள கழிப்பறை, விளையாட்டு நாளில் தளர்வான உடை, அவர்களுக்கென்று ஒதுக்கிய நேரமும் இடமும். என்ன விளையாட விரும்புகிறார்கள் என்று பெயர் எழுதாத சீட்டில் கேளுங்கள், நடனம், பாட்மின்டன், தற்காப்புக் கலை என்று நீங்கள் நினைக்காதவை வரும். வளர் இளம் பெண்களிடம் ரத்தசோகை அதிகம், கொஞ்சம் ஓடினாலே இரைக்கிறது, தலை சுற்றுகிறது என்று சொல்கிறவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையை உட்கார வைப்பது பல பள்ளிகளில் வழக்கம். மருத்துவர் சொன்ன இன்ஹேலரை கையில் வைத்துக்கொண்டு, மெதுவாக உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே விளையாடுவார்கள். மாற்றுத்திறனாளிப் பிள்ளையை ஸ்கோர் எழுத வைப்பதோடு நிறுத்தாமல் ஆட்டத்தின் விதியை மாற்றிப் பாருங்கள்: பெரிய பந்து, ஒலி எழுப்பும் பந்து, உட்கார்ந்தபடி வாலிபால், குறைந்த தூரம். என்ன முடியும் என்று அந்தப் பிள்ளையையே கேட்டால் சொல்லிவிடும். வெயில் கடுமையான மாதங்களில் விளையாட்டு பீரியடைக் காலையின் முதல் பகுதிக்கு மாற்றுங்கள்.

9. எடையைப் பற்றிய பேச்சு

வகுப்பில் எல்லோர் முன்னாலும் எடை பார்ப்பது, குண்டு ஒல்லி என்று கேலி செய்வது, 'நீதான் கண்டிப்பாக ஓட வேண்டும்' என்று ஒரு பிள்ளையைச் சுட்டுவது ஆகிய மூன்றையும் முற்றிலும் நிறுத்த வேண்டும், ஆசிரியர் வாயிலிருந்து வந்தால் இரண்டு மடங்கு தப்பு. பிள்ளைகளின் பி.எம்.ஐ. அளவை, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற எண்ணை, வீட்டுக்கு அறிக்கையாக அனுப்பினால் மாற்றம் வரும் என்று பலர் நம்பினார்கள். கலிபோர்னியாவின் 79 பள்ளிகளில் சோதித்துப் பார்த்ததில் எடையில் எந்த முன்னேற்றமும் இல்லை, பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பு மேல் அதிருப்திதான் கூடியது போலத் தெரிந்தது. அளக்க வேண்டியிருந்தால் தனி அறையில், மருத்துவப் பணியாளர், ஒவ்வொருவராக. எண்ணை அந்தப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது. சாப்பிடாமலேயே இருக்கிற, சாப்பிட்டதும் கழிப்பறைக்கு ஓடுகிற, திடீரென்று மெலிகிற பிள்ளையைக் கண்டால் பாராட்டாதீர்கள், உடனே வீட்டாரோடு பேசி மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

10. இப்போது பாடம்

இவ்வளவும் நடக்கத் தொடங்கிய பிறகு வகுப்பில் பேசினால் பிள்ளைகள் நம்புவார்கள். பேசுவதைவிடச் செய்ய வைப்பது நல்லது. கணக்குப் பாடத்தில் லேபிளைக் கொடுத்து ஒரு பாட்டிலில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கண்டுபிடித்து, அதை ஸ்பூனால் அளந்து கண்ணாடி டம்ளரில் கொட்டச் சொல்லுங்கள், 4 கிராம் ஒரு டீஸ்பூன் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். நாலு தொட்டியில் கீரை வளர்த்தால்கூட, தான் தண்ணீர் ஊற்றியதை பிள்ளை ருசி பார்க்காமல் விடாது. அடுப்பில்லாமல் செய்கிற சாலட், சுண்டல் கலவை போன்றவற்றை வகுப்பிலேயே செய்யலாம். 'நல்ல உணவு, கெட்ட உணவு' என்று பிரித்துப் பேசாமல் தினமும் சாப்பிடுவது, எப்போதாவது சாப்பிடுவது என்று பேசுங்கள்.

11. எழுதி வையுங்கள், மறுபடி அளந்து பாருங்கள்

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் பள்ளியின் விதியாக எழுதி நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்குங்கள். ஒரு நல்ல தலைமையாசிரியர் மாறிப்போனதும் எல்லாம் பழையபடி ஆனதை நான் பார்த்திருக்கிறேன், எழுத்தில் இல்லாததுதான் காரணம். ஒவ்வொரு பருவத்திலும் அதே ஒரு வாரம், அதே நோட்டு, அதே கேள்விகள்: உட்கார்ந்து சாப்பிட எத்தனை நிமிடம், விளையாட்டு பீரியடில் ஒரு பிள்ளை அசைந்தது எத்தனை நிமிடம், நடந்த பீரியட் எத்தனை, வேலை செய்கிற குழாய் எத்தனை, கேன்டீனில் விற்ற பழம் எத்தனை, குளிர்பானம் எத்தனை. எடையை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது மாற நாளாகும், பள்ளியின் கையிலும் முழுதாக இல்லை.

முதல் பருவத்துக்கு என் யோசனை இது: பார்க்கிற வாரம், குழு, தண்ணீர், விளையாட்டு பீரியட் பதிவேடு, இந்த நான்கு மட்டும். இரண்டாம் பருவத்தில் சாப்பாட்டு நேரமும் 15 நிமிட நடையும். கேன்டீனை மூன்றாவதாக எடுங்கள், அதற்குள் கேன்டீன்காரரும் குழுவில் நாலைந்து கூட்டம் உட்கார்ந்திருப்பார், எதை முதலில் எடுக்கலாம் என்று அவரே சொல்வார்.